பல்கலைக்கழகத்தில் வானொலியும் தொலைக்காட்சியும்: பட்டம் பெறுவோர் கற்பது என்ன?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகி, இசட் புள்ளியும் வெட்டுப்புள்ளியும் வீடுதோறும் பேசுபொருளாகும் நாட்களில், கலைப் பிரிவில் தோற்றிய பிள்ளைகளிடமிருந்து ஒரு வினா தவறாது எழுவதுண்டு. வானொலியையும் தொலைக்காட்சியையும் பல்கலைக்கழகத்தில் பாடமாகக் கற்க முடியுமா, கற்றால் அதனால் ஏதும் பயன் உண்டா என்பதே அவ்வினாவாகும். பெற்றோரிடமிருந்து வருவதோ வேறொரு வினா. "ரேடியோவில் பேசுவதற்கும் ஒரு பட்டமா?" என்று அவர்கள் கேட்கின்றனர். நல்ல குரல் வாய்த்தவர் அறிவிப்பாளராவார், வாய்க்காதவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதே நமது சமூகத்தில் நீண்டகாலமாக நிலவி வரும் எண்ணமாகும்.

இந்த எண்ணம் முற்றிலும் ஆதாரமற்றதென்று நாம் கூற மாட்டோம். இலங்கையில் ஒலிபரப்பு ஆரம்பமாகிய காலத்தில் அதனைக் கற்பிக்கும் பல்கலைக்கழகம் எதுவும் இங்கு இருக்கவில்லை. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளராகவிருந்த எட்வர்ட் ஹார்ப்பர் 1920களின் முற்பகுதியில் மேற்கொண்ட பரிசோதனைகளின் தொடர்ச்சியாக, 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடக்கி வைக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நேச நாட்டுப் படைகளுக்காக இங்கு நிறுவப்பட்ட சக்திமிக்க ஒலிபரப்பு நிலையம் யுத்தத்தின் பின்னர் இலங்கையின் வசமானது. 1949இல் ரேடியோ சிலோன் தனித் திணைக்களமாக இயங்கத் தொடங்கியது. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1967 ஜனவரியில் திணைக்களம் கூட்டுத்தாபனமாக மாறியது. இக்காலப்பகுதியில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்த எவரும் இத்துறையில் பட்டம் பெற்றவர்கள் அல்லர்.

எனினும் அவர்கள் கற்காதவர்கள் என்று எண்ணுவது பெருந்தவறாகும். ரேடியோ சிலோனிலும் இலண்டன் பி.பி.சி.யிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம், 1950களிலேயே 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலைத் தமிழில் எழுதினார். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. தமது தொழிலின் நுணுக்கங்களை எழுத்தில் வடித்துப் பின்வருவோர்க்கு வழங்க வேண்டுமென்று அவர் எண்ணினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு தொழில் கற்கைநெறியாக மாறுவதன் முதற்படி இதுவேயாகும். வானொலி நாடகத்தில் 'சானா' எனப்பட்ட சண்முகநாதனும், வர்த்தக சேவையில் எஸ்.பி. மயில்வாகனமும், பின்னர் பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம் போன்றோரும் நேயர் மனங்களில் இடம்பிடித்தனர். அக்காலத்தில் கலையகமே கல்விக்கூடமாக இருந்தது. மூத்தவர் செய்வதைப் பார்த்து இளையவர் பழகினர். பிழைவிட்டால் கண்டிக்க ஒருவர் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்கு அப்பால் இருந்தார்.

அந்தக் குரு சிஷ்ய முறை இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. 1990களில் தனியார் வானொலிகளும் தொலைக்காட்சிகளும் அனுமதிக்கப்பட்டு, அத்தசாப்தத்தின் இறுதியில் சூரியன், சக்தி போன்ற தமிழ்ப் பண்பலை ஒலிபரப்புகள் ஆரம்பமானபோது, குறுகிய காலத்தில் பெருந்தொகையான இளைஞர்கள் தேவைப்பட்டனர். ஒரு மாதப் பயிற்சியுடன், சில வேளைகளில் அதுவுமின்றி, அவர்கள் நேரடி ஒலிபரப்பில் அமர்த்தப்பட்டனர். திறமைசாலிகள் பலர் அவ்வாறே உருவாகினர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், கண்டிக்க எவருமின்றிப் பேசப் பழகிய ஒரு தலைமுறையும் உருவாகியது. 'ல', 'ள', 'ழ' வேறுபாடு காற்றிலே கரைந்து போனது பற்றி இப்பக்கத்திற்கு வரும் வாசகர் கடிதங்கள் ஓய்ந்தபாடில்லை.

இனிப் பல்கலைக்கழகங்களின் நிலையை நோக்குவோம். களனிப் பல்கலைக்கழகத்தில் வெகுசனத் தொடர்பாடல் 1970களிலேயே பட்டப்படிப்பிற்குரிய பாடமாகியது. கொழும்புப் பல்கலைக்கழகம் இதழியல் டிப்ளோமாவை நடத்தியதோடு, ஹொரணையில் 1996இல் நிறுவப்பட்ட ஸ்ரீபாலி வளாகத்தில் வெகுசன ஊடகத்துக்கெனத் தனியான கற்கைநெறியையும் உருவாக்கியது. (வில்மட் பெரேரா நிறுவிய கலைக்கூடமொன்றுக்கு 1934இல் இரவீந்திரநாத் தாகூர் அடிக்கல் நாட்டிய மண் அது.) கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கை உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2000களில் ஊடக வளங்கள் மற்றும் பயிற்சி மையமாக ஆரம்பித்த முயற்சியைத் தொடர்ந்து, கலைப்பீடத்தில் ஊடகக் கற்கைகள் துறை உருவாகியுள்ளது. பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, ஜேர்மன் உதவியுடன் 1980களில் உருவான இலங்கைத் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவகமும், 2004இல் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரியும் குறிப்பிடத்தக்கவை. பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகக் கல்வியும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடமாக உள்ளமையால், பல்கலைக்கழகம் புகும் முன்னரே ஓரளவு அறிமுகத்தைப் பெறவும் வாய்ப்புண்டு.

அப்படியானால் அங்கே கற்பிக்கப்படுவது என்ன? அறிவிப்பாளரை உருவாக்குவது பல்கலைக்கழகத்தின் பிரதான வேலையன்று என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். ஓர் ஒலிபரப்பு நிலையத்தில் அறிவிப்பாளர் ஒருவரே நமது செவிக்கு எட்டுகின்றார். அவருக்குப் பின்னால் செய்தி ஆசிரியர், பிரதி எழுதுபவர், தயாரிப்பாளர், ஒலிக் கட்டுப்பாட்டாளர், நிகழ்ச்சித் திட்டமிடுபவர், நேயர் ஆய்வாளர் எனப் பலர் உள்ளனர். தொலைக்காட்சியிலோ இத்தொகை இன்னும் பெருகும். கற்கைநெறியின் பெரும்பகுதி இவர்களுக்குரியது.

வானொலிக்கு எழுதுவதை எடுத்துக்கொள்வோம். பத்திரிகைத் தமிழில் ஒரு வாக்கியம் எவ்வாறு அமைகின்றது? "நேற்று முன்தினம் இரவு பெய்த கடும் மழை காரணமாகத் தாழ்நிலப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதையடுத்து இடம்பெயர்ந்து பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டுள்ள குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொருட்களை வழங்குவதற்கான நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருவதாக மாவட்டச் செயலாளர் தெரிவித்தார்." இதனைக் கண்ணால் வாசிப்பவர் இடறினால் மீண்டும் மேலே செல்லலாம். காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. சமையலறையில் நிற்கும் தாய்க்கும், முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கும் வாக்கியத்தின் முடிவில் வரும் வினைச்சொல் வந்து சேரும்போது தொடக்கம் மறந்து போயிருக்கும். இச்செய்தியைக் கூறியவர் யார் என்பதும் தமிழ் வாக்கிய அமைப்பின் காரணமாகக் கடைசியிலேயே தெரியவருகின்றது. கூறியவர் யார் என்று தெரியும் வரை கூற்றின் பெறுமதியை நேயர் நிறுக்க இயலாது.

ஆகவே வானொலி மாணவர் முதலில் கற்பது வாக்கியத்தை உடைப்பதாகும். "வெள்ளத்தால் இடம்பெயர்ந்தவர்கள் பாடசாலைகளில் தங்கியுள்ளனர். அவர்களுக்கு உலர் உணவு வழங்கப்படுகின்றது. மாவட்டச் செயலாளர் இதனை அறிவித்துள்ளார்." ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம். ஒரு இலட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பத்திரண்டு என்பதை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் என்று சொல்ல வேண்டும். ஆனால் மரணமடைந்தவர்களின் தொகையை அவ்வாறு சுற்றிச் சொல்லக் கூடாது. எங்கே சுற்றலாம், எங்கே கூடாது என்பதை விளங்கிக்கொள்வதுதான் கல்வி. (நீண்ட வாக்கியங்களால் பத்தியை நிரப்பும் நாமே இதனைக் கூறுவது வாசகர்களுக்கு நகைப்பைத் தரலாம். பத்திரிகைக்கும் வானொலிக்கும் உள்ள வேறுபாடு அதுவே என்று சமாதானம் கூறிக்கொள்கின்றோம்.)

தமிழ் மொழியிலே இன்னுமொரு சிக்கல் உள்ளது. யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பாரும் மலையகத்தவரும், கொழும்பிலும் அக்கரைப்பற்றிலும் புத்தளத்திலும் வாழும் முஸ்லிம்களும் பேசுவது ஒரே தமிழன்று. செய்திக்கு ஒரு பொதுத் தமிழ் தேவை. நாடகத்துக்கும் நேர்காணலுக்கும் அந்தந்த மண்ணின் தமிழ் தேவை. 1970களில் பெரும் வரவேற்பைப் பெற்ற 'கோமாளிகளின் கும்மாளம்' வானொலித் தொடரில் மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி ஆகிய பாத்திரங்கள் ஒவ்வொன்றும் தத்தமது பேச்சு வழக்கோடு ஒரே கூரையின் கீழ் வந்தன. அத்தொடர் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வெளியாகியது. அதனை வெறும் நகைச்சுவை என்று ஒதுக்கிவிடாது, ஒரு சமூகம் மற்றச் சமூகத்தின் பேச்சை எவ்வாறு கேட்டது, எங்கே இரசித்தது, எங்கே கேலி செய்தது என்று ஆராயும் மாணவர் ஒருவருக்கு ஆய்வுக்குரிய விடயங்கள் ஏராளம் உண்டு. முஸ்லிம் சேவையின் தமிழும் அவ்வாறானதே. அறபுப் பெயர்களையும் சொற்களையும் பிழையின்றி உச்சரித்து, அதேவேளை தமிழின் ஓட்டமும் குன்றாது வாசிப்பதற்குத் தனியான பயிற்சி வேண்டும். இந்தப் பயிற்சிக்கான பாடநூல் ஒன்று தமிழில் எழுதப்பட வேண்டியதன் அவசியத்தை இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.

நோன்பு காலத்தில் இஃப்தார் நேரத்துக்கு வானொலிப் பெட்டியின் அருகே கூடியிருந்த அனுபவம் நமது முஸ்லிம் வாசகர்கள் பலருக்கும் உண்டு. அந்தப் பாங்கின் பின்னால் ஒரு நுட்பமான தொழிற்பாடம் உள்ளது. கல்முனையில் சூரியன் மறைவது கொழும்பைவிடச் சில நிமிடங்கள் முந்தியாகும். நாடு முழுவதற்கும் ஒரே ஒலிபரப்பு எனில், எந்தப் பிரதேசத்துக்குரிய நேரம் அறிவிக்கப்படுகின்றது என்பதைத் தயாரிப்பாளர் ஐயத்துக்கிடமின்றி முன்கூட்டியே தெளிவுபடுத்த வேண்டும். நேரம் தவறாமை என்பதை ஒலிபரப்பு மாணவருக்கு விளக்க இதைவிடச் சிறந்த உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, கண்ணுக்கு எழுதுவது வேறு வகையான பயிற்சியாகும். இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும், ஜப்பானிய உதவியுடன் உருவான ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. ஒரு செக்கனுக்கு இருபத்தைந்து படச்சட்டங்கள் ஓடும் ஊடகம் அது. தூரக் காட்சி, இடைநிலைக் காட்சி, அண்மைக் காட்சி ஆகியவற்றை எந்த ஒழுங்கில் அடுக்கினால் பார்ப்பவர் இடத்தையும் ஆளையும் விளங்கிக்கொள்வார், இருவர் உரையாடும்போது படப்பிடிப்புக் கருவி அவர்களுக்கிடையிலான கற்பனைக் கோட்டைத் தாண்டினால் ஏன் இருவரும் ஒரே திசையில் பார்ப்பது போலத் தோன்றுகின்றது என்பன போன்றவை முதலாம் ஆண்டுப் பாடங்கள். அனுபவமற்ற மாணவர்கள் படத்தில் கவனத்தைச் செலுத்திவிட்டு ஒலியை மறந்துவிடுகின்றனர். படம் சற்று மங்கினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேசுவது கேட்காவிட்டால் உடனே வேறு அலைவரிசைக்கு மாறிவிடுவார். நமது தமிழ் அலைவரிசைகளின் பெருமளவு நேரத்தை இந்தியத் தொடர்களும் திரைப்படங்களும் பிடித்துக்கொண்டுள்ளமையால், இக்கல்வியைப் பயன்படுத்தும் களம் சுருங்கியே உள்ளது என்ற கசப்பான உண்மையையும் சொல்லாமல் விட முடியாது.

தொழில்நுட்பத்தைவிடப் பெறுமதி வாய்ந்ததென்று நாம் கருதுவது இக்கற்கைநெறியின் மற்றொரு பகுதியாகும். வான் அலைகள் யாருக்குச் சொந்தமானவை என்ற வினாவே அது. 1995இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றை இடைநடுவே நிறுத்தியது. அந்நிகழ்ச்சியில் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். அவர் கூட்டுத்தாபனத்தின் ஊழியர் அல்லர், நிகழ்ச்சியின் தயாரிப்பாளரும் அல்லர், வெறுமனே ஒரு நேயர். 1996இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ வழங்கிய தீர்ப்பில், அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உறுதிப்படுத்தும் பேச்சுச் சுதந்திரம், பங்குபற்றும் நேயர் என்ற வகையில் அவருக்கும் உண்டு என்றும், நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்தியமை அதனை மீறியதென்றும் முடிவு செய்யப்பட்டது. வானொலியைக் கேட்பதும் அதில் பங்குபற்றுவதும் ஓர் உரிமையாக மாறிய தருணம் அது.

அடுத்த ஆண்டே இன்னொரு விடயம் அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒலி, ஒளிபரப்பை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை நிறுவும் சட்டமூலத்தை அரசாங்கம் 1997இல் கொண்டு வந்தது. வான் அலைகள் மட்டுப்படுத்தப்பட்ட பொதுச் சொத்து என்பதால் ஒழுங்குபடுத்தல் அவசியமே. ஆனால் அதனைச் செய்யும் அமைப்பு அரசாங்கத்திலிருந்து சுயாதீனமானதாக இருத்தல் வேண்டும் என்று சுட்டிக்காட்டிய உயர் நீதிமன்றம், சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்மானித்தது. இவ்விரு தீர்மானங்களையும் வாசிக்காது ஒருவர் இலங்கையில் ஊடகப் பட்டதாரியாக வெளியேறுவாராயின், அவர் பெற்ற பட்டத்தில் குறையுள்ளது என்றே நாம் கருதுவோம். சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த மாணவர்களுக்கு இது மேலதிக முக்கியத்துவம் உடையது. தமது மொழியில் எத்தனை மணித்தியாலம், எந்த நேரத்தில், எந்தப் பரப்பெல்லைக்குள் ஒலிபரப்பாகின்றது என்று கேட்பதற்கான சட்ட அடிப்படை அங்கேதான் உள்ளது.

2004 டிசம்பர் 26ஆம் திகதியை நினைவுகூர்வோம். சுமாத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் ஏற்பட்டு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களுக்குள் கிழக்குக் கரையோரத்தைக் கடல் விழுங்கியது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்கள் சிதைந்தன. அதன் பின்னரே தென்மேற்குக் கரையில் பெரேலியவில் ரயில் அலைகளுக்குள் அகப்பட்டது. இடைப்பட்ட நேரத்தில் கிழக்கில் நிகழ்ந்ததை நாடு அறிந்திருக்கவில்லை. அன்றைய தினம் எந்தவோர் அறிவிப்பாளரையும் நாம் குறைகூற மாட்டோம். சுனாமி என்ற சொல்லே அன்று நம்மிற் பெரும்பாலோருக்குப் புதிது. ஆனால், ஒரு பிரதேசத்தில் அனர்த்தம் நிகழ்ந்தால் அத்தகவல் எந்த வழியாக ஒலிபரப்பு நிலையத்தை வந்தடைய வேண்டும், யார் உறுதிப்படுத்த வேண்டும், எத்தனை நிமிடங்களுக்குள் எத்தனை மொழிகளில் வெளியிடப்பட வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே வகுத்து ஒத்திகை பார்ப்பது ஒலிபரப்புக் கல்வியின் ஒரு பகுதி. ஓர் எச்சரிக்கை சிங்களத்தில் வெளியாகிச் சில மணித்தியாலங்கள் கழித்துத் தமிழில் வெளியாகுமாயின், அது தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை எச்சரிக்கையே அன்று. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாசிரியர் ஒருவர் இரவுக் கடமையில் இருக்கின்றாரா இல்லையா என்பது இங்கே உயிர் பற்றிய வினாவாகிவிடுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஒலிபரப்பு நிலையத்தின் நேர்முகத் தேர்வொன்றில் நாம் கலந்துகொள்ள நேர்ந்தது. முதலில் வந்தவர் ஊடகப் பட்டதாரி. 1948இல் லாஸ்வெல் முன்வைத்த தொடர்பாடல் வாய்பாட்டையும், ஷானன், வீவர் ஆகியோரின் மாதிரியையும் தடங்கலின்றி விளக்கினார். ஒலிவாங்கியிலிருந்து எவ்வளவு தூரத்தில் அமர வேண்டும் என்று கேட்டபோது மௌனமானார். மூன்றாண்டுக் கற்கையில் அவர் கலையகத்தில் இருந்த நேரத்தை மணித்தியாலங்களில் எண்ணிவிடலாமாம். அடுத்து வந்தவருக்குப் பட்டம் இல்லை. பல ஆண்டுகள் நேரடி ஒலிபரப்பில் அனுபவம் பெற்றவர், இனிய குரலும் வாய்த்தவர். பரீட்சார்த்தமாக நாம் கொடுத்த நீதிமன்றச் செய்தியைத் திருத்தி வாசிக்குமாறு கேட்டோம். பாலியல் வன்முறைக்குள்ளான சிறுமியின் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றே அதில் சேர்த்திருந்தோம். அவர் இரண்டையும் அழகாக, உணர்ச்சியோடு வாசித்து முடித்தார். அவ்வாறு அடையாளத்தை வெளியிடுவது நமது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றமென்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. அன்று இருவரையும் தெரிவு செய்ய நமக்கு மனம் வரவில்லை. இருவரிடமிருந்த குறைகளும் அவர்களுடையவை மட்டும் அல்ல.

முதலாமவரின் குறைக்குக் காரணம் வெளிப்படையானது. ஒலிப்பதிவுக் கூடம், படப்பிடிப்புக் கருவிகள், தொகுப்பு வசதிகள் என்பவை செலவுமிக்கவை. ஒரு தொகுதி மாணவருக்கு ஒருசில கருவிகள் எனும்போது தேர்ச்சி எட்டாது. ஆயினும் இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்து, இலவச மென்பொருளில் தொகுக்கலாம். நாடாவைச் சவர அலகினால் வெட்டி ஒட்டிய தலைமுறைக்கு இவ்வசதி கனவாகவே இருந்தது. அதனால் கருவியின்மை என்ற காரணம் வானொலியைப் பொறுத்தவரை முன்புபோல் வலுவுடையதன்று. குறைவது ஒலிபரப்பும் வாய்ப்பேயாகும். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004 பெப்ரவரியில் தனது வளாகத்திலிருந்தே ஒரு சமூக வானொலியைத் தொடக்கியது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் கேட்கும் சிறிய நிலையமே அது. எனினும் மாணவர் தயாரிப்பு ஆசிரியரின் மேசையோடு நின்றுவிடாமல் அயலிலுள்ள வீட்டுக்குச் சென்றது. நமது நாட்டில் பல்கலைக்கழகத்துக்கோ கிராமத்துக்கோ அவ்வாறானதொரு தனி அனுமதிப்பத்திர முறை உருவாக்கப்படாமை பெருங்குறையாகும்.

ஆனால் முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. மகாவலித் திட்டப் பிரதேசங்களில் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் ஆதரவோடு 1981இல் ஆரம்பமான சமூக வானொலி முயற்சியின் தொடர்ச்சியாக, 1989இல் கொத்மலை நிலையம் தோன்றியது. நீர்த்தேக்கத்துக்காக இடம்பெயர்க்கப்பட்ட மக்களின் குடியேற்றங்களில் தயாரிப்பாளர்கள் தங்கியிருந்து, அவர்களது பேச்சையே நிகழ்ச்சியாக்கினர். 1998இல் அங்கே இணைய வசதி வந்தபோது, கேட்போர் அனுப்பும் வினாக்களுக்கு அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி, துறைசார்ந்த ஒருவரை அருகில் அமர்த்தி நேரடியாக விளக்கினார். உலகெங்கும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் உதாரணமாக அது விளங்கியது. ஆயினும் அந்நிலையமும் கூட்டுத்தாபனத்தின் கீழேயே இயங்கியது. சமூகத்தின் வானொலி எனப்பட்டதன் உரிமையாளர் சமூகம் அன்று என்ற முரண்பாட்டை வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுதிவிட்டனர். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற நமது பிள்ளைகள் தமிழில் எழுதுவது எப்போது?

தொழில்வாய்ப்பைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்வதே நேர்மையாகும். தமிழ் ஒலி, ஒளிபரப்பு நிறுவனங்கள் ஒரு சிலவே. அவற்றில் நிரந்தர நியமனங்கள் குறைவு, ஆரம்பச் சம்பளமும் ஆசிரியர் நியமனத்தோடு ஒப்பிடக்கூடியதன்று. விளம்பர வருமானம் இணையத்துக்குப் பெயர்ந்து செல்வதால் இந்நிலை விரைவில் மாறுமென்று கூற இயலாது. மறுபுறத்தில், கல்விக் காணொளிகள், சுகாதாரத் திணைக்களங்களின் விழிப்பூட்டல், தொண்டு நிறுவனங்களின் ஆவணப்படுத்தல், பிரதேச நிலையங்கள், இணைய அலைவரிசைகள் என ஒலியும் ஒளியும் கலந்த வேலைகள் பரந்துள்ளன. பட்டத்தோடு மும்மொழி ஆற்றலும் உடையவருக்கே அவை கைகூடும். பெண் பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இரவுக் கடமையும் போக்குவரத்துமே பெரிய கவலை. அக்கவலை நியாயமானது. அதற்கு விடை தர வேண்டியது நிறுவனங்களேயன்றிப் பிள்ளைகள் அல்லர்.

மற்றுமொரு கவலையை நாம் பேசாது விட்டால் அது இந்நாட்டின் வரலாற்றை மறைத்ததாகும். யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.க்குச் செய்திகளை வழங்கிய மயில்வாகனம் நிமலராஜன், 2000 ஒக்டோபரில் ஊரடங்கு வேளையில் தமது வீட்டிலேயே கொல்லப்பட்டார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறியப்பட்ட ரேலங்கி செல்வராஜா 2005 ஓகஸ்டில் கொழும்பில் கணவருடன் சுட்டுக்கொல்லப்பட்டார். ஊடகவியலாளரின் பாதுகாப்பு, தகவல் மூலத்தின் இரகசியம், களத்தில் செல்லும்போது எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை ஆகியன இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் பாடங்களாகியுள்ளன. இங்கே அவை விருந்தினர் விரிவுரை ஒன்றோடு முடிந்துவிடக் கூடாது.

இனி இத்துறையைத் தெரிவு செய்ய எண்ணும் மாணவர்களுக்குச் சில குறிப்புகள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலை முதலில் வாசியுங்கள். ஒரே பெயருடைய கற்கைநெறி ஒரு பல்கலைக்கழகத்தில் சிங்கள மொழியிலும், மற்றொன்றில் ஆங்கிலத்திலும், வேறொன்றில் தமிழிலும் நடைபெறலாம். மொழிமூலத்தை அறியாது சேர்ந்துவிட்டு முதலாம் ஆண்டிலேயே திணறியவர்களை நாம் அறிவோம். இரண்டாவதாக, அங்கு ஏற்கெனவே பயில்பவர்களைத் தேடிச் சென்று, கலையகத்தில் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் கிடைக்கின்றது, இறுதியாண்டில் ஒலிபரப்பு நிலையமொன்றில் பயிலுநராகப் பணிபுரிய ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். சிறப்புப் பாடமாகப் பயில்வதா, பொதுப் பட்டத்தில் ஒரு பாடமாக எடுப்பதா என்பதையும் யோசியுங்கள். சட்டம், பொருளியல், வரலாறு ஆகியவற்றில் ஒன்றை உடன் கற்றவரே செய்தி அறையில் விரைவில் முன்னேறுவதை நாம் கண்டுள்ளோம். சில கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்கான விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகம் தனியாகக் கோரும் என்பதால், பெறுபேறு வெளியானதும் பத்திரிகைகளிலும் பல்கலைக்கழக இணையத்தளங்களிலும் வரும் அறிவித்தல்களைக் கவனித்துக்கொண்டிருப்பது அவசியமாகும்.